படத்துக்கு முன்னால் தீர்மானம்: நீலகிரியில் பொது நிலத்துக்காகப் பேசப்போகும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். அதன் கீழே, தேயிலைக்கு நடுவில், கோடையிலும் ஈரம் காயாத ஒரு சதுப்பு. ஒன்றரை ஏக்கர்கூட வராது. ஊர்க் கிணற்றுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் ஊறுகிறது. அதைப் பூங்கா ஆக்க ஒரு மதிப்பீடு தயாராகிறது என்று கேள்விப்பட்டேன். பேவர் பிளாக் நடைபாதை, சுற்றிலும் கம்பிவேலி, ஹைமாஸ் விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு மேடை. அப்போதுதான் சென்னையில் லேண்ட்ஸ்கேப் படிப்பை முடித்துவிட்டுக் கோத்தகிரிக்குத் திரும்பியிருந்தேன். இரண்டு வாரம் உட்கார்ந்து 14 தாளில் வண்ணத்தில் ஒரு மாற்று வடிவமைப்பு வரைந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை ஆண்டு அலைந்தேன். எல்லோரும் நல்ல படம் என்றார்கள். யாரும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் அந்த ஊர் வார்டு உறுப்பினர் அக்காதான் காரணத்தைச் சொன்னார். "தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை எந்தத் தீர்மானத்தோட சேத்து அனுப்பறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் நிலத்தைப் படிக்கக் கற்றுத்தந்தார்கள். அலுவலகக் கோப்பைப் படிக்கக் கற்றுத்தரவில்லை. நான் இழந்த ஒன்றரை ஆண்டு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். நீலகிரியை வைத்துத்தான் சொல்கிறேன். பழனி மலையில் எங்கே மாறும் என்பதையும் ஆங்காங்கே குறித்திருக்கிறேன்.

1. அந்த நிலம் காகிதத்தில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள்

ஊரார் "ஊர் நிலம்" என்பார்கள். அதை நம்பி வரையத் தொடங்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் கேட்டு வாங்குங்கள். பிறகு வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் மூன்றைப் பாருங்கள்: அ-பதிவேடு (ஒவ்வோர் எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதிய பதிவேடு), புலப்பட வரைபடம் (அந்த எண்ணின் எல்லையைக் காட்டும் படம்), தனியார் பெயரில் இருந்தால் பட்டா விவரம். கைப்பேசிக்கு ஓடிபி வரும், பார்க்கக் கட்டணம் இல்லை. ஓர் எண் புறம்போக்கா இல்லையா என்று சரிபார்க்கவும் அதே தளத்தில் வசதி உண்டு.

அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்பதுதான் உங்கள் வேலையின் திசையை முடிவுசெய்யும்.

ஓடைப் புறம்போக்கு, குளம், குட்டை என்று இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. நீர்நிலை நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன; அதிகாரிகளுக்கும் அது தெரியும். மேய்க்கால் புறம்போக்கு என்றால் கால்நடை வைத்திருப்பவர்களை முதல் கூட்டத்திலேயே கூப்பிட வேண்டும். காப்புக்காடு என்றோ வனத்துறைக்கு ஒப்படைக்கப்பட்டது என்றோ இருந்தால் ஊராட்சிக்கு அங்கே வேலையே இல்லை. நேராக மாவட்ட வன அலுவலரிடம் போக வேண்டும்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அங்கே ஜென்மம் என்ற பழைய நில உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவுக்குள் வரும் நிலங்கள் இருக்கின்றன. பல ஆண்டுகளாகத் தீராத வழக்கு நிலம் அது. அப்படிப்பட்ட எண்ணில் வடிவமைப்பு, நிதி, நடவு என்று எதையும் பேசாதீர்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சதுப்பு முழுவதும் ஒரே நிலம் என்று நினைத்தேன். புலப்பட வரைபடத்தில் அது இரண்டு எண். மேல்பாதி ஓடைப் புறம்போக்கு, கீழ்ப்பாதி ஓர் எஸ்டேட்டின் பட்டா. என் 14 தாளிலும் நடைபாதை அந்தப் பட்டா நிலத்தின் வழியாகத்தான் போயிருந்தது. ஒரு மணி நேரம் செலவழித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

செலவு: பிரிண்ட் எடுக்கும் காசு. காலம்: விஏஓவைப் பிடிக்கும் நாளையும் சேர்த்து ஒரு வாரம்.

2. ஊரோடு நடங்கள், பேனாவைப் பையிலேயே வையுங்கள்

நீலகிரியில் "மழைக்காலம்" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஊட்டிக்கு மேற்கே, அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரும் மழைதான் பெரிது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் பெய்த மழையில் சரிவுகள் பிய்த்துக்கொண்டு வந்து உயிர்கள் போயின. ஆகவே காய்ந்த மாதத்தில் ஒருமுறை, உங்கள் பக்கத்து மழையில் ஒருமுறை, குறைந்தது இரண்டு தடவை நிலத்தைப் பாருங்கள். நான் பிப்ரவரியில் படம் எடுத்து "இங்கே உட்காரும் இடம்" என்று குறித்த புள்ளியில் நவம்பரில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது.

யாரோடு நடப்பது? துணி துவைக்க வருபவர்கள், மாட்டுக்குப் புல் அறுப்பவர்கள், தண்ணீர் திறந்துவிடும் ஊழியர், தேயிலை பறிக்கப் போகும் பெண்கள். எந்த மாதம் ஊற்று குறையும், காட்டுமாடு எந்த வழியாக இறங்கும், கரடி எந்தப் பக்கம் வரும், எந்த மூலை சாவு, சடங்குக்கு உரியது என்று கேளுங்கள். தோடர் பழங்குடியினரின் மந்து (குடியிருப்பு) பக்கத்தில் இருந்தால் இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர்கள் கோயில் கூரைக்கு வேயும் புல் சதுப்புகளில்தான் விளைகிறது. "களை" என்று நாம் படத்தில் அழித்துவிடும் புல் அவர்களுக்குக் கோயில் கூரையாக இருக்கலாம். படுகர்களின் படுகு மொழி தெரியாது என்றால் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். பெரியவர்கள் தமிழில் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள். நிலத்தைப் பற்றி அவர்கள் மொழியில்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

இரண்டு எச்சரிக்கை. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக் காலம். அப்போது கூட்டம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது. அடுத்தது டிரோன். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை என்று இந்த மலையில் தடைப் பகுதிகள் உண்டு. எங்கே டிரோன் பறக்கலாம் என்று நிறத்தால் காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

3. ஒரே தாள், தமிழில்

14 தாளையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு ஏ3 தாளில் மறுபடி வரைந்தேன். அலுவலகக் கோப்பில் மடித்து வைக்கக்கூடியது அந்த அளவுதான். அதில் இருக்க வேண்டியவை: சர்வே எண், வட்டம், ஊராட்சி, வடக்கு, அளவுகோல், மழையில் தண்ணீர் நிற்கும் எல்லை, காய்ந்த மாதத்து எல்லை, விலங்கு வழி, செய்யக் கூடாதவை, செய்ய வேண்டியவை, உத்தேசச் செலவு. கூடவே ஒரு பக்கத்துக்கு விளக்கம்.

விளக்கத்தில் அழகைப் பற்றி எழுதாதீர்கள். என்ன ஆகும் என்பதை எழுதுங்கள். சதுப்பு மண் ஸ்பாஞ்சு போல. மக்கிய வேரும் கரிய மண்ணும் சேர்ந்தது. அதன்மேல் பேவர் பிளாக் போட்டால் இரண்டு மழையில் அமிழும். ஓரத்தில் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வடிந்து மண் சுருங்கும், கீழே கிணறு வற்றும். கம்பிவேலி போட்டால் தண்ணீருக்கு வரும் காட்டுமாடு வேலியைச் சுற்றித் தேயிலைக்குள்ளும் வீட்டு வாசலுக்கும் போகும். இப்படி எழுதியபோதுதான் உதவிப் பொறியாளர் முதல்முறையாகத் தாளைக் கையில் எடுத்துப் படித்தார்.

செலவுப் பகுதியில்தான் பலர் விழுகிறார்கள். அரசுப் பொறியாளர் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை வைத்துத்தான் மதிப்பீடு போட முடியும். பேவர் பிளாக் பட்டியலில் இருக்கிறது. சோலை (இந்த மலையின் இயற்கைக் காடு) மரக்கன்று, தேங்காய்நார் விரிப்பு, சிமென்ட் இல்லாத கல்கட்டு போன்றவற்றுக்கு நேரான வரி கிடைப்பது கடினம். பட்டியலில் இல்லாததைப் போட அவர் தயங்குவார். தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் அப்படிப்பட்ட ஒவ்வொன்றுக்கும் மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி, ஒரு மீட்டருக்கு எவ்வளவு கல், எத்தனை ஆள்கூலி என்று விலைப் பகுப்பாய்வு போட்டு இணைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை நீங்கள் செய்துகொடுத்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். எனக்கு இதற்கு மூன்று வாரம் ஆனது.

4. கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நீர்நிலை சம்பந்தப்பட்ட எதற்கும் அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அது தவறினால் அக்டோபர் 2.

உங்கள் இடம் முதலில் கிராம ஊராட்சியா என்று பாருங்கள். கேத்தி, ஜெகதளா, அதிகரட்டி, உலிக்கல், சோலூர் எல்லாம் பார்க்கக் கிராமம் மாதிரிதான் இருக்கும், ஆனால் பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது. வார்டு குழுவிலும் பகுதி சபையிலும் பேசி, மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக்க வேண்டும். பழனி மலையில் மேல்மலையின் பூம்பாறை, மன்னவனூர் கிராம ஊராட்சிகள். கீழ்மலையில் பண்ணைக்காடு பேரூராட்சி. என் நண்பர் ஒருவர் பேரூராட்சி ஊரில் கிராம சபைக்காக மூன்று மாதம் காத்திருந்தார்.

நாள் முடிவானதும் பின்னாலிருந்து எண்ணுங்கள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். அதற்கும் பத்து நாள் முன்னால் உங்கள் பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கோரி எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னால் "இதர பொருள்கள்" என்ற கடைசி வரியில் போய்ச் சேரும். அந்த வரி வரும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். யாரிடம் மனு? ஊராட்சித் தலைவரிடம். நீலகிரி உட்பட 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர்தான் அந்த இடத்தில் இருப்பார். மனுவை அவர் பெயருக்கு எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுங்கள். பதவியில் இல்லாவிட்டாலும் பழைய உறுப்பினர்களை விட்டுவிடாதீர்கள். ஊரைக் கூட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது ஆள் கணக்கு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். குறைந்தால் தீர்மானத்தைப் பின்னால் யாராவது எளிதாகத் தட்டிவிடலாம். எங்கள் முதல் முயற்சி அப்படித்தான் போனது. பச்சைத் தேயிலை வரத்து அதிகமாக இருந்த காலம், பெண்கள் யாரும் வரவில்லை. அடுத்த சபைக்கு மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் முன்கூட்டியே போய்ப் பேசினோம். கூட்டத்தில் நான் பேசியது மூன்று நிமிடம். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசியது அவர்கள், முக்கால் மணி நேரம்.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். கூட்டத்தின் அவசரத்தில் எழுதினால் "பூங்கா அமைப்பது பற்றி விவாதிக்கப்பட்டது" என்று முடிந்துவிடும். எங்களுடையது இப்படி இருந்தது:

"சர்வே எண் … இல் உள்ள ஓடைப் புறம்போக்குச் சதுப்பு நிலத்தில் மண் நிரப்புதல், வாய்க்கால் வெட்டுதல், கான்கிரீட் மற்றும் பேவர் பிளாக் தளம் அமைத்தல் ஆகியவற்றை மேற்கொள்ளக் கூடாது என்றும், இணைப்பில் உள்ள வரைபடத்தின்படி மதிப்பீடு தயாரிக்க ஒன்றியப் பொறியாளரைக் கேட்டுக்கொள்வது என்றும், நடவுக்குப் பின் 3 ஆண்டுகளுக்கான பராமரிப்பை மதிப்பீட்டிலேயே சேர்ப்பது என்றும் தீர்மானிக்கப்பட்டது."

"இணைப்பில் உள்ள வரைபடத்தின்படி" என்ற சொற்கள்தான் உங்கள் படத்தைக் கோப்புக்குள் கொண்டுபோகும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்து, வந்தவர்கள் கையெழுத்துப் போடும்வரை நகராதீர்கள். அந்தப் பக்கத்தையும் வருகைப் பதிவையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிட்ட நகலுக்கு அன்றே எழுதிக் கொடுங்கள். எங்களுக்கு அது கைக்கு வர 19 நாள் ஆனது.

5. மனுக்கள், கோப்பின் நிலை

தீர்மான நகல், அ-பதிவேட்டுப் பக்கம், புலப்பட வரைபடம், ஏ3 தாள், விலைப் பகுப்பாய்வு, இரண்டு பருவத்துப் புகைப்படங்கள். இந்த ஆறும் சேர்ந்ததுதான் ஒரு மனு. ஐந்து நகல் போடுங்கள்: வட்டார வளர்ச்சி அலுவலர், ஒன்றியப் பொறியாளர், வட்டாட்சியர், மாவட்ட வன அலுவலர், ஆட்சியர். ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஊட்டி போய்வர ஒரு நாள் போதும். கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல் வரை இறங்க வேண்டும். ஞாயிறே கிளம்பிவிடுவது நல்லது. மற்றவர்களுக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை நகலின் பின்பக்கம் ஒட்டிவையுங்கள். ஜெராக்ஸ், தபால், பஸ் எல்லாம் சேர்த்து எனக்கு 1,100 ரூபாய்க்குள் முடிந்தது.

ஏப்ரல், மே மாதங்களில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சீசன், மலர்க் கண்காட்சி, போக்குவரத்து, இ-பாஸ் என்று மாவட்டமே அதில் இருக்கும்.

ஒரு வேலை அலுவலகத்தில் எந்த வரிசையில் நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்: மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. மதிப்பீட்டு நிலையில் உங்கள் தாள் உள்ளே போனால் வடிவமைப்பே மாறும். நிர்வாக அனுமதிக்குப் பிறகு சில வரிகள் மாறலாம். ஒப்பந்தப்புள்ளி விட்டபின் ஒப்பந்ததாரரின் பணம் உள்ளே வந்துவிடும். அதற்குமேல் நீங்கள் யோசனை சொல்பவர் ஆக முடியாது, தடுப்பவராக மட்டுமே இருக்க முடியும்.

6. தகவல் உரிமை மனு

கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று வாயால் கேட்டால் நான்கு பேர் நான்கு பதில் சொல்வார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன் இப்படிச் செய்கிறீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீட்டின் நகல், நிர்வாக அனுமதி ஆணை, வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை. எங்களுக்குக் கடைசியாகக் கேட்டதற்கு "இல்லை" என்று எழுத்தில் வந்தது. அந்த ஒரு வார்த்தை என் படங்கள் எல்லாவற்றையும்விட அதிக வேலை செய்தது. சதுப்பில் மண் பரிசோதனை செய்யாமல் விளக்குக் கம்பம் நட யாரும் கையெழுத்துப் போட விரும்பவில்லை.

7. உங்கள் பெயர், உங்கள் கூட்டம்

மனுவின் அடியில் என்ன என்று கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். நம் நாட்டில் லேண்ட்ஸ்கேப் தொழிலுக்குத் தனிச் சட்டமோ தனிக் கவுன்சிலோ இல்லை. ஆனால் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டப்பெயரை 1972ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அதைப் பயன்படுத்தலாம். தோட்டக்கலையோ தாவரவியலோ படித்து இந்த வேலைக்கு வந்தவர்கள் 'லேண்ட்ஸ்கேப் வடிவமைப்பாளர்' என்று எழுதுங்கள். எதிர்த்தரப்பு முதலில் கிளறுவது இதைத்தான்.

தொழில் அமைப்பு என்றால் 2003இல் தொடங்கிய இசோலா இருக்கிறது. இந்திய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுகளின் சங்கம் அது. உலக அமைப்பான இஃப்லாவில் உறுப்பு. மாணவராக இருக்கும்போதே சேர்ந்துவிடுங்கள். மலையில் தனியாக வேலை செய்பவருக்குத் தன் வரைபடத்தை இன்னொரு கண் பார்ப்பது பெரிய உதவி. என் ஏ3 தாளில் நீர் எல்லையைத் தப்பாகக் குறித்திருந்ததைப் பிடித்தவர் நான் நேரில் பார்த்தே இராத ஒரு மூத்தவர். ஏப்ரல் மாதத்தை உலகம் முழுவதும் இந்தத் தொழிலின் மாதமாகக் கொண்டாடுகிறார்கள். இங்கே அது சீசன் என்பதால் அலுவலக வேலையை மார்ச்சில் முடித்துவிட்டு, ஏப்ரலில் பள்ளிப் பிள்ளைகளைச் சதுப்புக்கும் சோலைக்கும் கூட்டிப்போங்கள். கோத்தகிரி என்றால் லாங்வுட் சோலை பக்கத்திலேயே இருக்கிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது சேர்ந்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். வனத்துறையிடம் முன் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஆனால் உங்களைத் தாங்கப்போவது உள்ளூர்க் கூட்டம்தான். நாங்கள் ஒன்பது பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை ஏதாவது ஓர் ஓடையோரம் நடப்போம். அதில் லேண்ட்ஸ்கேப் படித்தவர்கள் இரண்டே பேர். நர்சரி வைத்திருப்பவர், தோட்டக்கலைத் துறையில் ஓய்வுபெற்றவர், கல்கட்டும் மேஸ்திரி, பள்ளி ஆசிரியை, பூச்செடி விற்கும் அம்மா. மேஸ்திரி அண்ணன் ஒரு தடுப்புச்சுவரைப் பார்த்தாலே எந்த மழையில் அது வயிறு தள்ளும் என்று சொல்லிவிடுவார். சிமென்ட் பூசாத கல்கட்டில் தண்ணீர் எப்படி வெளியேறுகிறது என்பதை நான் கற்றது அவரிடம்தான். சூழல், பழங்குடி மக்கள் சார்ந்து வேலை செய்யும் கீஸ்டோன் அறக்கட்டளை கோத்தகிரியில் பல ஆண்டுகளாக இருக்கிறது. கொடைக்கானலில் 1985இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் உண்டு. போய்ப் பாருங்கள், கேளுங்கள்.

சங்கமாகப் பதிவு செய்ய அவசரப்படாதீர்கள். கூட்டு மனுவுக்குப் பதிவு தேவையில்லை. நிதி வாங்கப்போகிறீர்கள் என்றால்தான் வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி குறைந்தது ஏழு பேர், துணைவிதிகள், அலுவலக முகவரிக்குச் சான்று, கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். பதிவைவிடக் கடினம் அதற்குப் பிறகு வருவது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள்.

8. பணமும் உங்கள் கட்டணமும்

நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒரு பகுதி, மீதி அரசு. வடிவமைப்பில் உங்கள் குரல் நிற்க வேண்டுமென்றால் இது நல்ல வழி. பங்கு போட்டவர்கள் கேள்வி கேட்பார்கள். தனியார் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி கேட்டால் சங்கத்துக்கு வருமானவரிப் பதிவுகள் வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஒதுக்குங்கள்.

என் உறுதியான கருத்து ஒன்று. முதல் ஏ3 தாளை ஊருக்காகக் காசு வாங்காமல் கொடுங்கள். விரிவான வரைபடம், மேற்பார்வை என்று வந்தபின் கட்டணத்தை மதிப்பீட்டிலேயே போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் இலவசமாகச் செய்தால் அடுத்து வரும் இளையவருக்கு இந்த மலையில் பிழைப்பு இருக்காது. அதே நேரம், எதிர்ப்பை முன்னால் நின்று நடத்தியவர் அந்த வேலையின் ஒப்பந்தத்தை எடுக்கக் கூடாது. எங்கள் இடத்தின் விரிவான வரைபடத்தைக் குன்னூரில் உள்ள வேறொருவர் செய்தார், நான் ஒதுங்கிக்கொண்டேன்.

9. கத்தியும் இயந்திரமும்

வெளிநாட்டிலிருந்து வந்த சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) வெட்டிவிட்டுச் சோலை மரம் நடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறையில் உள்ளது. சொந்தப் பட்டா நிலமானாலும், எந்த மரமானாலும், அரிவாளைத் தொடும் முன் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். உண்ணிச்செடி போன்ற புதரை எடுப்பதும் ஒரே மூச்சில் வேண்டாம். சரிவில் வேரோடு பிடுங்கினால் அடுத்த மழைக்கு மண் இறங்கும். பட்டை பட்டையாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே புல் வையுங்கள்.

நடவு உங்கள் பக்கத்து மழையின் தொடக்கத்தில். ஊட்டி உயரத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி; அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். சோலைக் கன்றுகள் நர்சரியில் கேட்ட உடனே கிடைக்காது, மெதுவாக வளர்பவை. ஒரு வருடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். சதுப்பின் நடுவில் மரமே வேண்டாம். அது புல்லுக்கும் கோரைக்கும் உரிய இடம். படர்ந்து மற்றதை மூடிவிடும் வெளிநாட்டுக் கிக்குயு புல்லை மட்டும் யார் சொன்னாலும் உள்ளே விடாதீர்கள்.

மண் அள்ளும் இயந்திரத்துக்கு நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சதுப்பில் வேலைக்கு அது தேவையும் இல்லை.

10. பேச்சில் நிற்காதபோது

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பாதிப்பு எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும்; தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பலர் "பேசித் தீர்க்கலாம்" என்று எட்டு மாதம் போக்கிவிட்டு வக்கீலிடம் வருகிறார்கள். முதல் லாரி மண் விழுந்த தேதியைப் புகைப்படத்தோடு அன்றே குறித்துவையுங்கள்.

11. கோப்பை ஊரில் வையுங்கள்

எல்லாக் காகிதத்துக்கும் மூன்று செட். ஒன்று உங்களிடம், ஒன்று பள்ளியில், ஒன்று ஊரில் நிலத்துக்கு மிக அருகில் குடியிருப்பவரிடம். தீர்மான நகலையும் புலப்பட வரைபடத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலாக வையுங்கள். மலை ஈரத்தில் ஜெராக்ஸ் ஒரே வருடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மாற்று மதிப்பீடு தயாராகிக்கொண்டிருந்த மாதத்தில் ஒரு காலை சதுப்பின் மேல்பக்கம் ஒரு ஜேசிபி வந்து நின்றது. நான் சென்னையில் இருந்தேன். வார்டு அக்காதான் உறையோடு இறங்கிப் போய், டிரைவரிடமும் கூட வந்தவரிடமும் சர்வே எண்ணையும் தீர்மானத்தையும் காட்டி, இயந்திரத்துக்கான அனுமதிக் கடிதத்தைக் கேட்டிருக்கிறார். அவர்களிடம் கடிதம் இல்லை. பத்து மணிக்கு வண்டி திரும்பிப் போனது. எனக்குப் போன் வந்தது பதினொன்றுக்கு, அதுவும் அந்தப் புலப்பட வரைபடத்துக்கு இன்னொரு நகல் வேண்டும் என்று கேட்பதற்காக. இருந்ததை வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டாராம்.